பழைய டொல்பின் வானின் எஞ்சின் போனால்: செய்வதா, மாற்றுவதா?

பழைய டீசல் வான் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். காலையில் ஸ்டார்ட் எடுக்கப் பாடாய்ப் படுத்துகிறது, ஆள் ஏற்றினால் இழுவை இல்லை, பின்னால் வருகிறவர் புகை தாங்காமல் ஹோன் அடிக்கிறார், ஒயில் வாரத்துக்கு வாரம் குறைகிறது. கராஜில் கொண்டுபோய் விட்டால் முன் சீட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எஞ்சின் போயிட்டு தம்பி, கொழும்பில இருந்து வேற ஒன்டு எடுத்துப் போட்டிருவம், ரெண்டு நாள் வேலை” என்று சொல்லிவிடுவார்கள். வேறு ஒருவரிடம் கேட்டால் “மாத்தாதீங்க, இறக்கிச் செய்யுங்க” என்பார். இருவருமே நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். ஆனால் இரண்டு பேரும் இன்னும் எதையும் அளந்து பார்க்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொல்பின் என்று நாங்கள் கூப்பிடும் பழைய டொயோட்டா ஹையேஸில் வருகிற 2எல், 3எல் மாதிரியான பழைய சாதாரண டீசல் எஞ்சின் என்றால், பொடி (வண்டியின் உடல்) நன்றாக இருந்தால், நல்ல லேத் (கடைசல் பட்டறை) ஒன்றில் கொடுத்து முழுதாக இறக்கிச் செய்வதுதான், அதாவது ஓவரோல் பண்ணுவதுதான், திருகோணமலையில் இருக்கிற ஒருவருக்கு லாபம். பிளாக் வெடித்திருந்தால், அல்லது கிராங் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) இனிக் கடையவே முடியாத நிலைக்குப் போயிருந்தால், வேறு எஞ்சின் போடலாம். சேசி போய்விட்டது என்றால் இரண்டுமே வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா?

இதை விட்டுவிட்டு விலை விசாரிக்கத் தொடங்குவதுதான் பெரிய நட்டம். கறுப்புப் புகை மட்டும் என்றால் எஞ்சினைக் கழற்றும் பேச்சுக்கே இடமில்லை. காற்று போதவில்லை, அல்லது டீசல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. எயார் கிளீனரை மாற்றி, டீசலைத் தெளிக்கிற நொசில்களைக் கழற்றி, டீசல் பம்ப் செய்கிற இடத்தில் கொடுத்துச் சோதித்தாலே பல வண்டிகள் பழையபடி இழுக்கத் தொடங்கிவிடும். வருட லைசன்ஸ் எடுக்கப் போய், புகைச் சோதனையில் தோற்று, அந்தப் பயத்திலேயே எஞ்சின் விலை கேட்கிற ஆக்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் நொசிலைத்தான் பார்க்க வேண்டும்.

நீலப் புகை வேறு கதை. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது குப்பென்று ஒரு தடவை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் இறுகிப் போயிருக்கும், அதற்கு ஹெட் (சிலிண்டர்களின் மேல் பகுதி) வேலை போதும். ஆள் ஏற்றிக்கொண்டு ஹபரணைப் பக்கம் போகும்போது அக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க விடாமல் வந்தால்தான் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வெள்ளைப் புகை என்றால் ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஒயில் பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டாதீர்கள், பெயரிங்கும் சேர்ந்து போய்விடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. எஞ்சின் சூடான பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி, தலைகீழாக அந்த வாயிலேயே வைத்துவிடுங்கள். மூடி மெல்ல ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அப்புறம் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கருவி) உள்ள ஒரு பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், போய் நாலு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். இந்த எல் வகை எஞ்சின்களுக்கு நல்ல நிலையில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 32, ஆகக் குறைந்தது 20 கிலோ என்பது கணக்கு. சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நாலும் சேர்ந்து கீழே இறங்கியிருந்தால் அது வயசுத் தேய்மானம், ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வால்வோ கஸ்கெட்டோ காரணமாக இருக்கலாம். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு ஒரே மாதிரி விழுந்திருந்தால் பெரும்பாலும் ஹெட் கஸ்கெட் இரண்டுக்கும் நடுவில் எரிந்திருக்கும். உப்புவெளிப் பக்கம் ஸ்கூல் வான் ஓட்டுகிற ஓர் அண்ணனுக்கு அப்படித்தான் நடந்தது. எஞ்சின் மாற்றக் காசு புரட்டிக்கொண்டிருந்தவர், அளந்து பார்த்த பிறகு ஹெட்டை இறக்கி, முகம் பிடித்து (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவி), கஸ்கெட் மாற்றியதோடு வேலையை முடித்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் கஸ்கெட் அடிக்கடி போவதற்குக் காரணம் தண்ணீர். கடலோரக் கிணறுகளில் பல உவர். அதையே போத்தலில் எடுத்து ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி உள்ளே உப்பும் துருவும் படிந்துவிடுகிறது, பிறகு வெயில் நேரத்தில் கந்தளாய் தாண்டும்போது கொதிக்கிறது, அந்தச் சூட்டில் ஹெட் வளைகிறது. எந்த எஞ்சினைப் போட்டாலும் ரேடியேட்டரைச் சுத்தம் பண்ணாமல், கூலண்ட் ஊற்றாமல் விட்டால் புதிதாகப் போட்டதும் அதே வழியில்தான் போகும். எஞ்சின் வேலைக்கு ஒதுக்குகிற காசில் ரேடியேட்டர், தேர்மோஸ்டாட், வோட்டர் பம்ப், ஹோஸ் எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு கட்டாயம் எடுத்து வையுங்கள்.

சரி, ரிங்கோ பெயரிங்கோதான் போயிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. இனித்தான் ஒப்பீடு.

லேத்தில் என்ன நடக்க வேண்டும்

ஹெட்டைத் தூக்கியவுடன் சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து சற்றுக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். மேல் ரிங் ஏறி நிற்கிற இடத்துக்கு மேலே உள்ள பகுதி தேயாமல் அப்படியே நிற்கும், அதற்குக் கீழே தேய்ந்திருக்கும், அந்த இடம் ஒரு படி போல நகத்தில் தட்டும். எவ்வளவு தட்டுகிறதோ அவ்வளவு தேய்மானம். ஆனால் நகம் தீர்ப்புச் சொல்லாது. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) அளக்கிற போர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் நீளவாக்கிலும் குறுக்கிலும் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு 6 அளவு, நாலுக்கும் 24. 3எல் எஞ்சினின் போர் 96 மில்லிமீற்றர். 0.2 மில்லிமீற்றருக்கு மேல் தேய்ந்திருந்தால் வெறும் ரிங் மாத்திரம் மாற்றுவது வீண் செலவு, போர் அடித்து (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடத்தான் வேண்டும். “ரிங் செட் மட்டும் போட்டால் காணும்” என்று அளக்காமல் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். முட்டை வடிவத்துக்குத் தேய்ந்த சிலிண்டரில் வட்டமான புது ரிங் ஒருநாளும் சரியாக உட்காராது, ஒரு வருடத்துக்குள் அதே நீலப் புகையோடு அதே கராஜ் வாசலில் நிற்பீர்கள்.

இன்னொன்று, பிஸ்டனை முதலில் வாங்கி லேத்தில் கொடுத்துவிட்டு, அந்தப் பிஸ்டனை அளந்து அதற்கேற்றபடிதான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.50 ஓவர்சைஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி நூலளவு வித்தியாசம் இருக்கும். முதலில் போர் அடித்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுகிற லேத்தில் எஞ்சின் ஒன்றில் இறுகும், அல்லது தட்டும்.

கிராங்கையும் மைக்ரோமீற்றரால் அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் 0.25, 0.50 என்று கடைந்து அந்த அளவுப் பெயரிங் போடலாம். ஏற்கனவே ஒரு தடவை கடைந்து கடைசி அளவில் நிற்கிற கிராங் என்றால் வேறு கிராங் தேட வேண்டும், செலவுக் கணக்கு அந்த இடத்தில்தான் புரளும். ஹெட்டைத் தண்ணீர் பிரஷர் கொடுத்து வெடிப்புப் பார்க்கவும் வேண்டும். லைட்ஏஸ், டவுன்ஏஸ் வான்களில் வருகிற 2சி எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டே வாங்குங்கள், அந்த ஹெட் அலுமினியம், ஒரு தடவை நன்றாகக் கொதித்தாலே வால்வுகளுக்கு நடுவில் வெடிக்கிற குணம் அதற்கு உண்டு.

சாமான் வாங்கும்போது ரிங்குக்கும் பெயரிங்குக்கும் கஸ்கெட்டுக்கும் காசு பார்க்காதீர்கள். என்.பி.ஆர். ரிங், டைஹோ பெயரிங் என்று பெட்டி இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். பெட்டியின் அச்சையும் சாமானில் பொறித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து, தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள். டைமிங் பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் அதே நேரத்தில் மாற்றிவிடுங்கள். 1,00,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பெல்ட் அது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, செய்த வேலை எல்லாம் ஒரே நிமிடத்தில் போகும்.

கொழும்பிலிருந்து வருகிற எஞ்சின்

இதன் பெரிய கவர்ச்சி வேகம். கொழும்பில் பழைய சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் காலையில் வாங்கி, இரவு லொறியில் ஏற்றினால் மறுநாள் எங்கள் ஊர் அனுராதபுரச் சந்தியில் இறக்கலாம், அதற்கடுத்த நாள் வண்டி ஓடும். லேத் வேலை என்றால் சாமான் தேடி, முறை வந்து, பொருத்தி முடிக்க இரண்டு மூன்று கிழமை போகும். நாளாந்தம் ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்கிற ஒருவருக்கு அந்த நாட்களும் செலவுதான், அதைக் கணக்கில் சேர்க்காமல் “ஓவரோல் மலிவு” என்று சொல்வது நியாயமில்லை.

ஆனால் அந்த எஞ்சினின் வயசை யோசியுங்கள். டொல்பின் வடிவ ஹையேஸ் ஜப்பானில் 1989இல் வந்து 2004இல் நின்றுவிட்டது. அங்கே உடைத்த வண்டியிலிருந்து கழற்றி அனுப்பிய எஞ்சின் எப்படிப் பார்த்தாலும் 20 வருடத்துக்கு மேல் பழசு. எத்தனை கிலோமீற்றர் ஓடியது, கொதித்ததா, ஒயில் ஒழுங்காக மாற்றினார்களா என்பது உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. வெளியே டீசலால் கழுவி வெள்ளி நிறப் பெயின்ட் அடித்திருப்பார்கள், உள்ளே யாரும் திறந்து பார்த்ததில்லை. உங்கள் எஞ்சினைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும், தேய்ந்திருக்கிறது என்பது உட்பட. பெயின்ட் அடித்த அந்த எஞ்சினைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் பாஸையும் கூட்டிக்கொண்டு போங்கள், 260 கிலோமீற்றர் பயணத்துக்கு அவருடைய நாள் கூலி கொடுத்தாலும் பெறும். ஒயில் மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய பழுப்பு நிறம் என்றால் சரி, கறுத்த களி படிந்திருந்தால் விட்டுவிடுங்கள், வெள்ளை நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கிராங் முன் நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒரே மாதிரி இறுகி இறுகி விட வேண்டும், ஒரு இடத்தில் லேசாகப் போனால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. பிளாக்கின் பக்கத்தில் இருக்கிற வட்டத் தகடுகள் துருப்பிடித்து ஊறியிருக்கிறதா, சம்ப் (அடியிலுள்ள ஒயில் தட்டு) போல்ட்களில் ஸ்பானர் பட்ட காயம் இருக்கிறதா என்றும் பாருங்கள், காயம் இருந்தால் யாரோ ஏற்கனவே திறந்திருக்கிறார்கள். கேஜ் வைத்து அளக்க விடாத கடையில் வாங்கத் தேவையில்லை. வாங்கி வந்த பிறகும் அப்படியே தூக்கிப் போடாமல், பெல்ட், முன் பின் ஒயில் சீல், வோட்டர் பம்ப், ஹெட் கஸ்கெட் எல்லாம் மாற்றித்தான் ஏற்ற வேண்டும். இந்தச் செலவு கடைக்காரர் சொல்கிற விலையில் இருக்காது.

இனி கடதாசி. உங்கள் பதிவுச் சான்றிதழில் எஞ்சின் நம்பர் இருக்கிறது. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதையும் மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சின் வாங்கிய பில்லும் இறக்குமதிப் பத்திரமும் கேட்பார்கள். 2எல் இருந்த இடத்தில் 5எல் போட்டால் நன்றாகத்தான் இழுக்கும், அளவில் பெரிதாக மாற்றமில்லாமல் உட்காரவும் செய்யும், ஆனால் கொள்ளளவும் மாறுகிறது, அதையும் பதிய வேண்டும். “அதெல்லாம் யார் பார்க்கப் போறாங்க” என்று விட்டுவிடுகிற ஆக்கள் நிறைய. ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து நம்பரைப் பார்க்கும்போது, அல்லது வண்டியை விற்கப் போய் வாங்க வந்தவர் சீட்டைத் தூக்கி நம்பரை ஒப்பிடும்போது அதன் விலை தெரியும். உங்கள் சொந்த பிளாக்கையே செய்து போட்டால் இந்தத் தலையிடி எதுவும் இல்லை. சொந்த எஞ்சினைச் செய்கிற பக்கம் நான் சாய்வதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

இரண்டுமே வேண்டாம் என்கிற நிலை

எஞ்சினைப் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் பொடியை மறந்துவிடுகிறோம். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு நிற்காது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கடலோரமாகவே நிறுத்துகிற வண்டிகளும், மீன் ஏற்றி ஐஸ் தண்ணீர் ஒழுகவிட்டே ஓடிய வண்டிகளும் மேலே பெயின்ட் பளபளக்க, அடியில் அரித்துப் போயிருக்கும். ஜாக் போட்டு உயர்த்தி, கீழே படுத்து, சேசியின் பெட்டிப் பகுதி, பின் வில்லுத் தட்டு மாட்டியிருக்கிற இடம், ஸ்லைடிங் கதவுக்குக் கீழுள்ள விளிம்பு மூன்றையும் ஸ்க்ரூட்ரைவரால் பலமாகக் குத்துங்கள். பொத்தென்று உள்ளே இறங்கினால் எஞ்சினுக்குக் காசு போடாதீர்கள். பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி என்றால் இதில் விட்டுக்கொடுப்பே இருக்கக் கூடாது.

பொடி நன்றாக இருந்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள். இதே வண்டி நன்றாக ஓடுகிற நிலையில் இன்று என்ன விலைக்குப் போகும், எஞ்சின் போன நிலையில் இப்படியே கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தொகையை விட வேலைச் செலவு குறைவு என்றால் செய்யலாம், கூடினால் விற்றுவிடலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து இந்தக் கணக்கு பழைய வண்டிக்குச் சாதகமாகவே இருந்துவருகிறது. 2025 தொடக்கத்தில் இறக்குமதியைத் திரும்பத் திறந்தாலும், வரியைச் சேர்த்துப் பார்த்தால் புதிதாக வருகிற வான் ஒன்று ஹயர் (வாடகைப் பயணம்) ஓடுகிற ஒருவரின் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. இந்த வயசு வண்டிகளுக்கு லீசிங் எடுப்பதும் கஷ்டம், ஆகவே “இதை விற்றுவிட்டு இன்னொரு டொல்பின் வாங்கலாம்” என்கிறவர் முழுக் காசையும் கையில் வைத்திருக்க வேண்டும். அப்படி வாங்குகிற வண்டியின் எஞ்சினும் எப்போது போகும் என்று தெரியாது.

மற்ற வண்டிகள் பற்றிச் சுருக்கமாக. ஓட்டோவுக்கும் டிமோ பட்டா என்கிற சின்ன லொறிக்கும் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை, சாமான் ஊரிலேயே கிடைக்கும், இறக்கிச் செய்துவிடுங்கள். கேடிஎச் (டொல்பினுக்குப் பின் வந்த ஹையேஸ்) வேறு சாதி: கொமன் ரெயில் (உயர் அழுத்த டீசல் முறை) என்பதால் இன்ஜெக்டர் விலை முக்கியம், கெட்ட இன்ஜெக்டரால் பிஸ்டன் வெடித்த வண்டிகளும் உண்டு, அதில் எஞ்சின் செய்வதென்றால் நாலு இன்ஜெக்டரையும் சோதிக்காமல் பொருத்தவே கூடாது. கம்ப்யூட்டர் உள்ள பெட்ரோல் கார்களில், நல்ல எஞ்சின் கிடைத்தால் மாற்றுவது பெரும்பாலும் சுலபம், ஆனால் வயரிங்கும் கம்ப்யூட்டர் பெட்டியும் ஒரே செட்டாக வர வேண்டும்.

எப்போது செய்வது என்பதும் இங்கே முக்கியம். மே தொடங்கி செப்டெம்பர் வரை நிலாவெளி சீசன், கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவுக்கும் புறாத்தீவுப் படகுத் துறைக்கும் ஹயர் குறையாமல் வரும் காலம் அது. நவம்பர், டிசம்பர் மாரிக்கு ஹயரும் குறைவு, ஸ்கூலும் லீவு விடும். எஞ்சின் இன்னும் முற்றாக விழவில்லை, ஒயில் குடிக்கிறது மட்டும்தான் என்றால், தினமும் ஒயிலையும் தண்ணீரையும் பார்த்து, பாரத்தைக் குறைத்து ஓட்டி, மாரிக்குத் தள்ளிப் போடலாம். மூன்று கிழமை லேத்தில் கிடந்தாலும் வயிற்றில் அடிக்காது. மாற்று எஞ்சினின் ஒரே பெரிய பலமான வேகத்துக்கும் அப்போது பெறுமதி இல்லாமல் போகிறது. ஆனால் சூடான பிறகு ஒயில் லைட் மினுங்குகிறது, பாரத்தில் அடியிலிருந்து டக் டக் என்று கேட்கிறது என்றால் தள்ளிப் போடாதீர்கள். அது பெயரிங். இன்று நிறுத்தினால் கிராங்கைக் கடைந்து தப்பிக்கலாம், இன்னும் ஒரு கொழும்புப் பயணம் போனால் கொனெக்டிங் ரொட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பாஸுடன் கதைக்கும்போது மொத்தமாக ஒரு விலை பேசாதீர்கள். இறக்கி ஏற்றும் கூலி, லேத் கூலி, சாமான் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கழற்றி அளந்த பிறகுதான் மிச்சத்தைத் தீர்மானிப்போம் என்று முதலிலேயே சொல்லுங்கள், கழற்றிய பழைய சாமான்களைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள், லேத்தில் எழுதிய அளவுத் துண்டையும் வாங்கி வையுங்கள், அடுத்த முறைக்கு அது உதவும். புகைத்தால், ஒயில் கசிந்தால் எத்தனை மாதத்துக்குள் கூலி இல்லாமல் பார்ப்பார் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபிக்கமாட்டார். செய்து எடுத்த பிறகு முதல் 1,000 கிலோமீற்றர் வரைக்கும் பாரம் ஏற்றாமல், ஒரே வேகத்தில் இழுத்துப் பிடிக்காமல் ஓட்டுங்கள், 500இல் ஒரு தடவை ஒயிலும் பில்டரும் மாற்றி, அந்தப் பழைய ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி இரும்புத் தூள் மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் அன்றைக்கே பாஸிடம் திரும்பக் கொண்டுபோங்கள்.